வெள்ளிச் சாமான்களின் முத்திரைகளை வாசிப்பது எப்படி?



நமது ஊர்களில் ‘வெள்ளி’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கல்லாவில் போடும் நோட்டையும் வெள்ளி என்கிறோம். தராசில் வைக்கும் உலோகத்தையும் வெள்ளி என்கிறோம். முந்திய வெள்ளி நல்லதா கள்ளதா என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுகிற நம்மில் பலர், பிந்திய வெள்ளி விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுக்கல் வாங்கல் செய்கிறோம். அப்படிச் செய்தவர்களில் நானும் ஒருவன். கைப்பொருள் போன பிறகே கற்றுக்கொண்டேன். கற்றதை நம்மவர்களுக்கு எழுதி வைக்கலாமே என்று சங்கத்து அன்பர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் இதை எழுதுகிறேன். நான் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளிக்கூடமும்தான். ஆகவே பெரிய வித்துவான்களுக்கு அல்ல, என்னைப்போல் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே இப்பாடம்.

2011-ஆம் வருஷம் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 49 அமெரிக்க டாலர் வரை போயிற்று. வீட்டில் கிடந்த பழைய சாமான்களெல்லாம் கடைக்கு வரத் தொடங்கின. ஒருநாள் ஒருவர் ஒரு தேநீர்க் கெண்டி, பால் கூஜா, சீனிக் கிண்ணம் ஆகிய மூன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இங்கிலீஷ் வெள்ளிக்கு அடியில் வரிசையாக நாலு முத்திரை இருக்கும் என்று நான் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். கெண்டியைக் கவிழ்த்தேன். நாலு சின்னக் கேடயங்கள். ஒவ்வொன்றின் உள்ளும் ஏதோ ஒரு கோணல் எழுத்து. எண்ணிப் பார்த்தேன், நாலு சரியாக இருந்தது. மூன்று சாமானும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. 2,800 வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் பத்தரிடம் எடுத்துப்போனேன். அவர் கெண்டியின் காலடியில் மெல்ல அரத்தை ஓட்டினார். உள்ளே மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது. “பாய், இந்த எழுத்தை வாசிச்சீங்களா?” என்று கேட்டார். மாதாகோயில் கல்வெட்டுகளில் இருக்குமே, அந்தப் பழைய மாதிரி இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்: இ, பி, என், எஸ். அஃதாவது ‘எலெக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்’. நாம் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய முலாம். பெயரில்தான் சில்வர் இருக்கிறதே ஒழிய, அந்த நிக்கல் சில்வர் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி ஒரு குன்றிமணியும் கிடையாது. கொண்டுவந்தவர் பொய் சொல்லவில்லை. சாமானும் பொய் சொல்லவில்லை; தன் பேரைத் தன் அடியிலேயே எழுதி வைத்திருந்தது. வாசிக்கத் தெரியாதவன் நான்தான்.

நிற்க. இங்கிலீஷ் வெள்ளி நம் நாட்டில் எப்படி வந்தது என்று சிலர் கேட்கலாம். ரப்பர்த் தோட்டத்துத் துரைமார், ஈயச் சுரங்கத்து மானேஜர்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள், கிளப்புகள் எல்லாம் இருந்த நாடு இது. அவர்கள் கப்பலேறியபோது சில சாமான்கள் ஏலத்தில் போயின, சில குசினிக்காரருக்கும் ஆயாவுக்கும் இனாமாகக் கிடைத்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் கடைக்கும் அடகுக்கடைக்கும் கொண்டுவருகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். சுத்த வெள்ளி மிருதுவானது, பாத்திரத்துக்கு உதவாது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் மிச்சம் பெரும்பாலும் செம்புமாகச் சேர்த்தால் அதற்கு ‘ஸ்டெர்லிங்’ என்று பேர். 1300-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அரசர் ஒரு சட்டம் போட்டார். தட்டான் செய்த எந்த வெள்ளிச் சாமானும், காப்பாளர்கள் மாற்றுப் பார்த்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பிறகே அவன் கையை விட்டுப் போகலாம் என்பது அது. 1478 முதல் லண்டன் தட்டார்கள் தங்கள் சரக்கை ‘கோல்ட்ஸ்மித்ஸ் ஹால்’ என்ற மண்டபத்துக்கே எடுத்துச் சென்று முத்திரை வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஹாலில் குத்திய மார்க்குதான் ‘ஹால்மார்க்’. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தவனே தன் சரக்குக்குச் சாட்சி சொல்வதில்லை. சாட்சி வேறு ஆள். மற்ற நாட்டு முத்திரைகளைப் பார்க்கும்போதும் ‘இதற்குச் சாட்சி யார்?’ என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு பழைய லண்டன் சாமானில் ஐந்து முத்திரைகள் வரை இருக்கும். முதலில் சிங்கத்தைத் தேடுங்கள். வலது முன்காலைத் தூக்கி, இடது பக்கமாக நடந்து போகும் சிங்கம். 1544-இல் தொடங்கியது. ஸ்டெர்லிங் மாற்று உண்டு என்பதற்கு இதுவே அத்தாட்சி. 1821 வரை லண்டன் சிங்கம் நடந்துகொண்டே முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும். அதன் பிறகு நேரே தன் வழியைப் பார்க்கும். இரண்டாவது, ஊர் முத்திரை. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. உண்மையில் அதுவும் சிங்கத்தின் முகந்தான்; பழைய பிரெஞ்சு வழக்கில் முகம் காட்டும் சிங்கத்தைச் சிறுத்தை என்று சொல்லியதால் பேர் அப்படியே நின்றுவிட்டது. 1821 வரை அதன் தலையில் கிரீடம் இருக்கும், பிறகு இராது. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். இவ்விரண்டு ஊர்களிலும் மாற்றுச் சாலை ஏற்பட்டது 1773-இல். கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் எப்படி வந்தது என்றால், சட்டம் வாங்க லண்டனுக்குப் போனவர்கள் கூடிய விடுதியின் பேர் ‘கிரீடமும் நங்கூரமும்’ என்றும், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். ஷெஃபீல்டின் கிரீடம் 1975 முதல் ரோஜாவாக மாறிவிட்டது. எடின்பரோவுக்கு மூன்று கோபுரக் கோட்டை. அங்கே சிங்கத்துக்குப் பதிலாக 1759 முதல் 1974 வரை முட்செடிப் பூ வந்தது. டப்ளினுக்குக் கிரீடம் தரித்த யாழ். செஸ்டர் ஊரின் கோதுமைக் கட்டும் வாளும் அடிக்கடி கண்ணில் படும். அந்தச் சாலை 1962-இல் மூடப்பட்டது.

மூன்றாவது, செய்தவன் முத்திரை. இது 1363 முதல் கட்டாயம். பெரும்பாலும் பேரின் முதலெழுத்துகள். நான்காவது, அரசர் தலை. இது வரி கட்டிய ரசீது. 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் பக்கத் தோற்றத்தைக் குத்தினார்கள். ஆகவே தலை இருந்தால் இந்த 106 வருஷத்துக்குள் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனாலும் ஒரு ஜாக்கிரதை: 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி விழாவுக்கு அரசர் அரசி இருவர் தலையும், 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு ஒரு தலையும் விருப்பமானவர்கள் குத்திக்கொண்டார்கள். அவை வரி முத்திரை அல்ல.

ஐந்தாவதுதான் நம்மைக் குழப்புவது: வருஷ எழுத்து. 1478 முதல் லண்டனில் வருஷத்துக்கு ஓர் எழுத்து. இங்கிலீஷ் அரிச்சுவடியில் ‘ஏ’ தொடங்கி ‘யூ’ வரை, நடுவில் ‘ஜே’யை மட்டும் விட்டுவிட்டு, 20 எழுத்து. இருபது வருஷம் முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடியும் ‘ஏ’. ஆகவே ‘ஏ’ என்று இருப்பதைப் பார்த்து வருஷம் சொல்பவன் ஏமாறுவான். 1796-க்கும் பெரிய ‘ஏ’, 1876-க்கும் பெரிய ‘ஏ’, 1936-க்கும் பெரிய ‘ஏ’. எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் இருக்கும் மற்ற முத்திரைகளைக் கேட்க வேண்டும். சிறுத்தைக்குக் கிரீடம் இருந்து, வலது பக்கம் பார்க்கும் அரசர் தலையும் இருந்தால் 1796. கிரீடமில்லாத சிறுத்தையும், இடது பக்கம் பார்க்கும் விக்டோரியா அரசியின் தலையும் இருந்தால் 1876. தலையே இல்லாவிட்டால் 1936. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் சொல்லை இன்னொரு சாட்சியின் சொல்லோடு ஒப்பிடுவது போலத்தான். ஊருக்கு ஊர் எழுத்து வரிசை வேறு என்பதையும் மறக்கக்கூடாது. ஷெஃபீல்டில் 1824 வரை எழுத்துகள் அகரவரிசையில்கூட வரமாட்டா. பிராட்பரி என்பவர் தொகுத்த சின்னப் புத்தகம் ஒன்று உண்டு. சட்டைப் பையில் அடங்கும். அதில் அட்டவணை எல்லாம் இருக்கின்றன. இவற்றை மனனம் செய்ய வேண்டியதில்லை. புத்தகத்தைக் கல்லாவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மூன்று ‘ஏ’க்களை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தேநீர்க் கெண்டியில் பணத்தை விட்ட இரண்டு மாதத்துக்குள் ஒரு வயதான அம்மா கடைக்கு வந்தார். கணவர் ஒரு தோட்டத்து பங்களாவில் குசினிக்காரராக இருந்தவராம். பழைய பிஸ்கட் டின்னில் ஆறு பெரிய கரண்டிகள், கறுத்துப்போய்க் கிடந்தன. “துரை ஊருக்குப் போறப்போ குடுத்தது, பாய். நல்ல சாமான்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றார். நான் ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்த்தேன். சின்னச் சின்ன முத்திரைகள். எனக்குச் சிரிப்பு வந்தது. முத்திரையை நம்பி ஒரு தடவை ஏமாந்தவன் அல்லவா? “அம்மா, இதெல்லாம் முலாம். கரண்டிக்குப் பத்து வெள்ளி தரலாம்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் 60 வெள்ளியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அடுத்த வருஷம் இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கியபோது, பழகுவதற்காக அந்தக் கரண்டிகளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நம்மைப் பார்க்கும் சிங்கம். கிரீடம் தரித்த சிறுத்தை. வலது பக்கம் பார்க்கும் மூன்றாம் ஜார்ஜ் அரசர். பெரிய ‘ஏ’. அதற்குப் பக்கத்தில் மேல் வரியில் ‘பி.பி.’, கீழ் வரியில் ‘ஏ.பி.’ என்ற எழுத்துகள். லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்றொரு பெண்மணி இருந்தார். கணவர் 1760-இல் காலமானதும் மறு வருஷமே தம் பேரில் முத்திரை பதிவுசெய்து பட்டறையை நடத்தியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்வார்கள். அவருடைய மகன் பீட்டரும் மருமகள் ஆனும் 1791 முதல் சேர்ந்து போட்ட முத்திரை அது. ஆறு கரண்டியும் நிறுத்தால் 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. உருக்கும் விலைக்கே அன்றைய தேதியில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் பெறும். அந்த நிறையை எழுதிய கடுதாசியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, நான் செய்த பிழை இரண்டும் ஒரே பிழைதான். முதலில் வாசிக்காமல் நம்பினேன். பிறகு வாசிக்காமல் சந்தேகித்தேன். முதலாவதில் நஷ்டம் எனக்கு. இரண்டாவதில் நஷ்டம் அடுத்தவருக்கு.

முலாம் சாமானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சார முலாமுக்கு முன்பே, 1743 வாக்கில், ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் என்பவர் செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு ஷெஃபீல்டு பிளேட் என்று பேர். விளிம்பு தேய்ந்த இடத்தில் செம்பு சிவப்பாக எட்டிப்பார்க்கும். இதைப் பழம்பொருளாக விரும்பி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் நிறுத்து விற்கிற சரக்கு அல்ல. மின்சார முலாமுக்கு எல்கிங்டன் கம்பெனியார் 1840-இல் காப்புரிமை பெற்றார்கள். அதன் பிறகு வந்த முலாம் சாமான்களில் எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்தில் போட்டு, ஹால்மார்க் போலவே வரிசையாகக் குத்தும் வழக்கம் பரவிற்று. ‘இ.பி.என்.எஸ்.’ என்றோ ‘இ.பி.’ என்று மட்டுமோ ‘ஏ-1’ என்றோ இருந்தால் முலாம். ‘இ.பி.பி.எம்.’ என்றால் அடியில் இருப்பது ஈயவகைக் கலவை. ‘ஷெஃபீல்டு’ என்று ஊர்ப் பேரை முழுசாக எழுதியிருந்தால் அது ஊர் முத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுச் சாலை பேர் எழுதாது, சின்னந்தான் குத்தும்.

‘பிரிட்டானியா’ என்ற பேரும் நம்மை இடறச்செய்யும். பிரிட்டானியா மெட்டல் என்பது மேற்சொன்ன ஈயவகைக் கலவை. பிரிட்டானியா சில்வர் என்பதோ ஸ்டெர்லிங்கைவிட உயர்ந்தது, ஆயிரத்துக்கு 958 பங்கு. நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்யும் வழக்கம் மிஞ்சிப்போனதால், நாணயத்தின் மாற்றும் பாத்திரத்தின் மாற்றும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று 1697-இல் இதைக் கட்டாயமாக்கினார்கள். 1720-இல் ஸ்டெர்லிங்கை மறுபடியும் அனுமதித்தார்கள். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உருவமே இதன் முத்திரை.

நல்ல முத்திரையிலும் சூது உண்டு. 1720 முதல் 1758 வரை வெள்ளிக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி இருந்தது. அதைத் தவிர்க்கச் சில தட்டார்கள், ஒரு சின்னச் சாமானுக்கு முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். பிற்காலத்துக் கள்ளர்களும் இதைச் செய்தார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது: முத்திரை உள்ள இடத்தில் வாயால் ஆவி ஊதிப் பாருங்கள். பற்றவைத்த இடம் இருந்தால் ஆவி படிந்த பரப்பில் ஒரு கோடு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். கெண்டிக்கு மூடி தனியாக வரும் சாமானானால் மூடியிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரண்டியில் முத்திரை இருக்கும் இடமும் ஒரு சாட்சி. சுமார் 1780-க்கு முன் குழிவின் பக்கமாகத் தண்டின் கீழே குத்தினார்கள். பிறகு கைப்பிடியின் மேல்பக்கம்.

மெழுகுவர்த்தித் தண்டை மட்டும் ஒருபோதும் நிறுத்து வாங்காதீர்கள். பலவற்றில் மெல்லிய வெள்ளித் தகட்டுக்குள் அரக்கும் கீலும் நிரப்பியிருக்கும். முத்திரை சுத்தமானதாகவே இருக்கும், சிங்கமும் உண்மையே சொல்லும். ஆனால் அது தகட்டுக்குத்தான் சாட்சி, வயிற்றில் உள்ளதற்கு அல்ல. மேசைக் கத்தியின் பிடியும் அப்படியே.

மற்ற நாட்டுச் சரக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், பக்கத்தில் 800 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும் வரும். பிறையைப் பார்த்ததும் முஸ்லிம் நாட்டுச் சரக்கு என்று நம்மவர் ஒருவர் வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். முஸ்லிம் நாட்டுச் சரக்கு வேண்டுமானால் உதுமானியச் சுல்தான்களின் காலத்து வெள்ளியைப் பாருங்கள். அதில் சுல்தானின் துக்ரா முத்திரையும், ‘ஸஹ்’ என்ற அரபுச் சொல்லும் குத்தியிருக்கும். சரியானது என்று பொருள். மதரஸாவில் ஓதிய நமக்கு, இங்கிலீஷ்காரனுக்கு வாசிக்க முடியாத முத்திரை இது ஒன்றாவது இருக்கிறது! சீனாவிலிருந்து ஏற்றுமதியான வெள்ளியில் சீன எழுத்தோடு ‘டபிள்யூ.எச்.’ என்றும் 90 என்றும் காணலாம். வாங் ஹிங் என்ற கடையாரின் முத்திரை அது. 90 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு. சென்னை பி. ஆர் அண்டு ஸன்ஸ் கடையின் சாமி உருவம் போட்ட வெள்ளியும் எப்போதாவது வரும். நம் பக்கத்து ‘சயாம் ஸ்டெர்லிங்’ என்று எழுதிய கறுப்பு வேலைப்பாட்டுச் சாமானும் ஏராளம். இவை பலவும் நல்ல சரக்குகளே. ஆயினும் சாட்சி சொல்வது செய்தவனோ விற்றவனோதான். நடுவில் மாற்றுச் சாலை இல்லை. வெறும் ‘925’ என்ற எண்ணும் அப்படியே. அந்த அச்சை யாரும் வாங்கலாம், எதன்மேலும் அடிக்கலாம்.

ஆகவே சந்தேகம் வந்தால் நீரில் நிறுத்துப் பாருங்கள். முதலில் காய்ந்த நிறை. பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறை. 62 கிராம் உள்ள ஸ்டெர்லிங் கரண்டி தண்ணீருக்குள் சுமார் 6 கிராம் குறைந்து காட்டும். ஜெர்மன் சில்வராக இருந்தால் 7 கிராம் குறையும். நுட்பமான தராசு வேண்டும். உள்ளே ஏதாவது நிரப்பிய சாமானுக்கு இந்தச் சோதனை செல்லாது. காந்தத்தை நம்பாதீர்கள், ஜெர்மன் சில்வரும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. இக்காலத்தில் கதிர் விட்டு மாற்றுச் சொல்லும் யந்திரம் வைத்திருப்பவர்களும் உண்டு. பெரிய தொகை என்றால் அவர்களிடம் போவதே மேல். ஆனால் அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். முலாம் தடிப்பாக இருந்தால் அதுவும் ஏமாறும். முத்திரையை வாசிக்குமுன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்ந்த முத்திரையை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, பழம்பொருள் விலையும் அதோடு போய்விடும்.

அந்த அம்மாவைத் தேடிப் போனேன். தோட்டத்து லயம் இருந்த இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டு தடவை போய் வந்தேன். அவர் பேரையும் வந்த தேதியையும் எழுதிய சீட்டோடு ஆறு கரண்டிகளும் அதே பிஸ்கட் டின்னில் என் மேசையறைக்குள் இருக்கின்றன. விற்பனைக்கு அல்ல. முத்திரையைக் கண்ணால் பார்த்துப் பழக விரும்பும் அன்பர்கள் வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு கடைக்கு வரலாம். பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது. இருப்பவர்கள் தங்களுடையதையும் எடுத்து வரவும்.